ஸ்காட்லாந்தில் நாம் இல்லாமலே வந்த தீர்ப்பை நீக்க முடியுமா?

"சம்மனுக்குப் பதில் அனுப்பாமல் விட்டேன். ஷெரிப் நீதிமன்றம் எனக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டது. இனி வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. மேல்முறையீட்டுக்கு ஓடவேண்டாம், தீர்ப்பளித்த நீதிமன்றத்திடமே அதைத் திரும்பப் பெறக் கேட்கலாம். கோரிய தொகை 5,000 பவுண்டுக்குள் என்றால் வழக்கு பெரும்பாலும் 'சிம்பிள் புரொசீஜர்' என்ற எளிய, சிறு தொகை வழக்கு முறையில் நடந்திருக்கும். அதில் திரும்பப் பெறும் விண்ணப்பத்துடன், அன்று அனுப்பாத பதில் படிவத்தையும் நிரப்பி இணைக்க வேண்டும்.

அதற்கு மேற்பட்ட தொகைக்கு 1993ஆம் ஆண்டின் சாதாரண வழக்கு விதிகள், எட்டாம் அத்தியாயம். அங்கே 'ரீபோனிங் நோட்', அதாவது தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரும் மனு, தாக்கல் செய்ய வேண்டும். அதன் உயிர் இரண்டு பத்திகளில் இருக்கிறது: ஏன் வரவில்லை, உங்கள் எதிர்வாதம் என்ன. இரண்டையும் ஷெரிப் (அந்த நீதிமன்ற நீதிபதி) சேர்த்தே எடைபோடுவார். "கடிதம் பழைய முகவரிக்குப் போனது, இந்தத் தேதியில் வீடு மாறினேன்" என்று திட்டவட்டமாக எழுதுங்கள். "பணம் தரவேண்டியதில்லை" என்ற வெறும் மறுப்பு நிற்காது. எந்த ரசீது, எந்தக் குறைபாடு என்று காட்டுங்கள். நோட்டை முறைப்படி தாக்கல் செய்து எதிர்த்தரப்புக்குச் சார்வு செய்தால் (முறைப்படி சேர்ப்பித்தால்), வங்கிக் கணக்கு முடக்கம் போன்ற வசூல் நடவடிக்கை நிற்கும்.

தீர்ப்பு முழுமையாக நிறைவேறிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். தயவுசெய்து இந்த வாரமே ஒரு வழக்கறிஞரையோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை மையத்தையோ பாருங்கள்.