பீடிக்குப் பக்கத்தில் பீட்டா கரோட்டின் வேண்டாம்

கேள்வி: முக்கூடல் பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 49, வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு 54. எட்டு வருடமாகச் சுகர், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். தினமும் ஒரு கட்டு பீடி குடிப்பார். விடச் சொன்னால் கோபம் வருகிறது. தெரிந்த அண்ணாச்சி ஒருவர் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பா கொண்டுவந்து, "இதைத் தின்னா பீடி வெசம்லாம் முறிஞ்சிரும்"ங்கிறார். மாதம் 1,800 ரூபாய். டப்பாவில் பீட்டா கரோட்டின் 15 மி.கி., வைட்டமின் ஈ 400 மி.கி., வைட்டமின் சி 500 மி.கி. என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா, வீட்டுச் சாப்பாட்டிலேயே சரிக்கட்டலாமா? கருப்பட்டி காப்பி குடிக்கலாமா? வடை சுட்ட எண்ணெயை என்ன செய்ய?

பதில்: வாங்காதீர்கள். புகைக்கிறவருக்கு இந்த டப்பா வீண்செலவோடு நிற்காது, கெடுதலும் செய்யக்கூடும். காரணம் அதிலுள்ள முதல் சரக்கு, பீட்டா கரோட்டின்.

காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பது பழைய கவனிப்பு. அப்படியானால் கேரட்டின் அந்த மஞ்சள் சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஃபின்லாந்தில் இறங்கினார்கள். புகைக்கும் ஆண்கள் 29,133 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மி.கி. கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 30 மி.கி. பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் 28 சதவீதம் கூடுதல். புகை நிறைந்த நுரையீரலில் இவ்வளவு பீட்டா கரோட்டின் சேரும்போது அதுவே உடைந்து கேடு செய்யும் பொருள்களாகிறது என்று கருதுகிறார்கள். "வெசம் முறியும்" என்று அண்ணாச்சி சொன்ன இடத்தில் நடந்தது இதுதான். கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரையைச் சாப்பாடாகச் சாப்பிடுவதில் இந்தப் பயம் இல்லை. அதில் வருவது குறைவு, உடம்பு எடுப்பதும் மெதுவாக.

வைட்டமின் ஈ 400 மி.கி. என்பது மெடிக்கல் ஸ்டோரில் எல்லோரும் வாங்கும் பச்சைக் காப்ஸ்யூலின் அளவுதான். ஒருவருக்கு நாளைக்கு 15 மி.கி.க்கு மேல் தேவைப்படாது. ஆண்களுக்குத் தினமும் 400 யூனிட் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 2011-இல் கணக்குப் பார்த்தபோது புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. வைட்டமின் சி 500 மி.கி.யில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் நாளைக்கு 200 மி.கி. சுமாருக்குப் போனாலே ரத்தம் ஏறக்குறைய நிரம்பிவிடும். மிச்சம் சிறுநீரில் போகும்.

சத்து என்று சொல்வது இப்படித் திரும்பிக் கடிப்பானேன்? பதில் உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. பழைய நிலக்கடலையோ, ரொம்ப நாள் வைத்த தேங்காய் எண்ணெயோ காறல் வாடை அடிக்கிறதல்லவா? எண்ணெயின் ஒரு கொழுப்புத் துகளிலிருந்து ஒரு ஹைட்ரஜன் பிடுங்கப்படுகிறது. பிடுங்கப்பட்ட துகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு அடுத்த துகளைப் பிடுங்குகிறது. அது அதற்கடுத்ததை. இந்தச் சங்கிலிதான் காறல். நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அங்கேயும் இதே சங்கிலி ஓடும். பிடுங்கித் தொடங்கிவைக்கும் துகள்களுக்கு ஃப்ரீ ரேடிக்கல் என்று பெயர். அவை உண்டாகும் வேகம் உடம்பு அடக்கும் வேகத்தை மிஞ்சினால் அதுதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்.

வைட்டமின் ஈ அந்தச் சங்கிலியின் நடுவில் புகுந்து தன் ஹைட்ரஜனைக் கொடுத்து நிறுத்துகிறது. ஆன்டிஆக்சிடன்ட் என்பது இதைத்தான். கொடுத்த பிறகு அதுவே செலவாகிவிடும். வைட்டமின் சி வந்து அதைப் பழையபடி ஆக்க வேண்டும். வைட்டமின் சி-யைச் சரிசெய்ய வேறொன்று வேண்டும். கூட்டு வேலை. ஒரு ஆளை மட்டும் நூறு மடங்கு கூட்டினால் வேலை நூறு மடங்கு நடக்காது.

இதைவிடப் பெரிய காவல் உடம்பு தானே செய்துகொள்ளும் நொதிகள். முழங்காலில் சிராய்த்த புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் புசுபுசுவென்று நுரைக்கிறதே, அது கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நொடியில் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைப்பது. இந்த வகையில் இன்னொரு முக்கிய நொதியான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸை 1969-இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் இருவரும் கண்டுசொன்னார்கள். மாத்திரையிலுள்ள துகள் ஒருமுறை செலவானால் இன்னொன்று வந்துதான் அதை மீட்க வேண்டும். நொதி அப்படியில்லை, வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராக நிற்கும். அதற்கு நாம் கொடுக்க வேண்டியது துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம் ஆகியவை கொஞ்சம் கொஞ்சம். தோல் எடுக்காத கறுப்பு உளுந்து, எள்ளு, நிலக்கடலை, மீன் இவற்றிலேயே அது கிடைக்கும். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிடும் ஊரில் இதற்கு டப்பா தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ரீ ரேடிக்கல் முழுக்க எதிரி அல்ல. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே அதை வைத்துத்தான். நடந்தால் தசையில் கொஞ்சம் உண்டாகும். உடம்பு இன்சுலினுக்கு இன்னும் நன்றாகப் பணிவதில் அந்தச் சமிக்ஞைக்கும் பங்குண்டு. 2009-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களில் வைட்டமின் சி 1,000 மி.கி.யும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் எடுத்தவர்களுக்குப் பயிற்சியால் வரவேண்டிய இன்சுலின் நன்மை வராமல் போயிற்று. சுகர்காரர் வீட்டில் இதை மறக்கக் கூடாது.

ஆக, உங்கள் வீட்டில் முதலில் குறைக்க வேண்டியது ஃப்ரீ ரேடிக்கலை உண்டாக்கும் பாரம். பாரத்தில் பெரியது பீடி. பீடி இலையில் காற்று புகாது, அடிக்கடி அணையும், அதனால் சிகரெட்டைவிட அதிக முறை, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். இழுக்கும் ஒவ்வொரு புகையிலும் எண்ண முடியாத அளவு ஃப்ரீ ரேடிக்கல். புகைக்கிறவர் ரத்தத்தில் வைட்டமின் சி வேகமாகக் கரைவதால் மற்றவரைவிட நாளைக்கு 35 மி.கி. கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதை ஒரு சின்னக் கொய்யாவே ஈடுகட்டிவிடும். ஆனால் கொய்யா பீடியை ஈடுகட்டாது. பீடியை விட்டுவிட்டால், புகையால் கூடியிருந்த இதய நோய் அபாயம் ஒரு வருடத்தில் ஏறக்குறையப் பாதியாகிறது. இப்படிச் செய்யும் மாத்திரை எதுவும் இல்லை. சண்டை போட்டு இதை நடத்த முடியாது. 1800-11-2356 புகையிலையை விட உதவும் கட்டணமில்லா எண், அவரே பேசட்டும். காலையில் எழுந்ததும் குடிக்கும் முதல் பீடியை அரை மணி நேரம் தள்ளிப் போடுவதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அந்த முதல் பீடிதான் பிடி.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. புகைக்காவிட்டாலும் பீடித்தூள் மூக்கிலும் கைத்தோல் வழியாகவும் உள்ளே போகிறது. சன்னல் பக்கம் உட்காருங்கள், மூக்கை மறைத்துத் துணி கட்டுங்கள், சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தூள் தட்டை அடுக்களையில் வைக்காதீர்கள்.

அடுத்த பாரம், சாப்பிட்டதும் ஜிவ்வென்று ஏறும் சுகர். ரத்தத்தில் குளுக்கோஸ் பெருகும்போது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா திணறி அதிக ரேடிக்கலைக் கசியவிடுகிறது. சுகர்காரருக்குக் கண், கிட்னி, நரம்பு கெடுவதில் இதற்குப் பங்குண்டு. கருப்பட்டிக் கேள்வி இங்கேதான் வருகிறது. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு நான் எதிரி அல்ல. அதில் தாது உப்புகளும் கொஞ்சம் நிறச்சத்தும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் ஏறுவதும் அப்படியே. உங்களுக்குச் சுகர் இல்லையென்றால் காலையில் ஒரு டம்ளர் குடியுங்கள். அவருக்குச் சுக்கு மல்லிக் காப்பி, கருப்பட்டி இல்லாமல். அல்வா விஷயத்தில் விரலளவு, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க நிறுத்தச் சொன்னால் பஜாரில் நின்று தனியாகத் தின்றுவிட்டு வருவார்.

மதியத் தட்டைப் பாதியாகப் பிரியுங்கள். பாதியில் அவியல், கூட்டு, கீரை, பொரியல். மீதியில் பாதிதான் சோறு, இன்னொரு பாதி பருப்போ மீனோ. முதலில் காய், பிறகு சோறு என்று சாப்பிட்டாலே ஏற்றம் மட்டுப்படும். சிவப்பு அரிசி கிடைத்தால் நல்லது. அந்தச் சிவப்பே ஒரு ஆன்டிஆக்சிடன்ட்தான், தவிட்டோடு இருக்கும். நன்றாகத் தீட்டிவிட்டால் பேர்தான் சிவப்பு அரிசி. சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். மீன் கொழுப்பு சீக்கிரம் காறக்கூடியது, கொதிக்கும் எண்ணெய் அதைக் கெடுத்துவிடும்.

கீரையில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. நறுக்கிவிட்டுக் கழுவுகிறோம், நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுகிறோம். வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் சாக்கடைக்குப் போய்விடும். முழுசாகக் கழுவி, பிறகு நறுக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்து ஐந்தாறு நிமிடத்தில் இறக்குங்கள். வைட்டமின் சி எப்படியும் கொஞ்சம் போகும், பரவாயில்லை. கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் சூட்டுக்கு அவ்வளவாக அழியாது, ஆனால் எண்ணெய் இல்லாமல் உடம்பில் சரியாக ஏறாது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் தாளிப்பதும் தேங்காய்த் துருவல் போடுவதும் அதற்குத்தான் உதவுகின்றன. தக்காளியின் சிவப்புச் சத்தும் எண்ணெயில் வதங்கினால்தான் நன்றாகக் கிடைக்கும். வைட்டமின் சி-க்குப் பச்சையாகத் தின்னும் பொருள் வேண்டும். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மி.கி. உண்டு, பெரிய நெல்லிக்காயில் அதற்கும் மேல். சுகர்காரருக்குப் பாதி பழுத்த கொய்யாவே போதும், கனிந்து குழைந்தது வேண்டாம். நெல்லிக்காயைத் தேனிலோ சர்க்கரைப் பாகிலோ போட்டது அவருக்கு ஆகாது. எலுமிச்சம்பழத்தைச் சோறு ஆறிய பிறகு பிழியுங்கள், அடுப்பில் வைத்துப் பிழியாதீர்கள். பூண்டைத் தட்டிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு வதக்கினால் அதன் காரச் சத்து உருவாக நேரம் கிடைக்கும்.

மஞ்சளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். குழம்பில் போடும் அரைத் தேக்கரண்டி, மிளகோடும் எண்ணெயோடும், நல்லது. அதைக் காப்ஸ்யூலாக்கி அளவு கூட்டி விற்பதில் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

இனி வடைச்சட்டி. சூடு, காற்று, மாவில் உள்ள தண்ணீர், கருகிய துணுக்குகள் நான்கும் சேர்ந்து எண்ணெயில் நான் சொன்ன அதே காறல் சங்கிலியைப் பல மடங்கு வேகத்தில் ஓட்டுகின்றன. இரும்புச் சட்டியிலேயே ராத்திரி முழுக்க எண்ணெயை விட்டுவைத்தால் இரும்பும் அதற்குத் துணைபோகும். கடையில் எண்ணெய் எப்போது கழிக்கப்பட வேண்டும் என்பதற்கு 2018 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது: சிதைந்த பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது, கண்ணும் மூக்கும்தான். மேலே மெல்லிய நுரை அடங்காமல் நின்றால், சூடேறும் முன்பே புகைந்தால், ஆறியதும் விரலில் பசைபோல ஒட்டினால், அது முடிந்துபோன எண்ணெய்.

அந்த நிலைக்கு வராமலிருக்க, சின்னச் சட்டியில் 250 மில்லி கடலை எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். ஒரு துளி மாவு போட்டால் அடியில் தங்காமல் உடனே எழும்ப வேண்டும், கருகக் கூடாது. அதுதான் சரியான சூடு. சுட்டு முடிந்ததும் ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வெயில் படாமல் வையுங்கள். இரண்டு நாளுக்குள் தாளிக்கவோ வதக்கவோ தீர்த்துவிடுங்கள். மறுபடி வடை சுட வேண்டாம். பழைய எண்ணெயில் புதியதைச் சேர்ப்பது சிக்கனம் போலத் தெரியும். பழையதில் ஓடும் சங்கிலி புதியதையும் பிடித்துக்கொள்ளும். சூரியகாந்தி எண்ணெய் பொரிக்கையில் சீக்கிரம் கெடும். கடலை எண்ணெய் தாங்கும். நல்லெண்ணெய் சீக்கிரம் காறாததற்கு எள்ளிலேயே உள்ள ஆன்டிஆக்சிடன்ட்தான் காரணம், ஆனால் அதைத் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1,800 ரூபாயை வேறொன்றில் போடலாம். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். கால் மதமதப்பு, சோர்வு வரும், சுகரால் வந்தது என்று நினைத்து விட்டுவிடுவோம். ரத்தத்தில் பி12 அளவும், மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் ஹெச்பிஏ1சி-யும் ஒருமுறை பாருங்கள். குறைவாக இருந்தால் டாக்டர் தரும் பி12 மாத்திரையை வாங்கலாம், அது தேவையான மாத்திரை. அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ நாள் தள்ளாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அண்ணாச்சி டப்பாவை ஏற்கெனவே வைத்துவிட்டுப் போயிருந்தால், பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.