ஜெர்மன் ராணுவத்தில் இருந்த எஸ்டோனிய அதிகாரி அல்போன்ஸ் ரெபானே நாஜியா, விடுதலை வீரரா?

ஏதோ யூடியூப் வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. நான் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் வேலை பார்க்கிறேன், சரித்திரம் படித்தவன் இல்லை. நாஜிகளின் ஆயுதப்படையான எஸ்.எஸ்.ஸுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கிளம்புகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ரெபானே 1908-ல் வால்காவில் பிறந்தவர், எஸ்டோனிய ராணுவ அதிகாரி. 1940-ல் சோவியத் யூனியன் எஸ்டோனியாவை விழுங்கியதும் அவர் வேலை போயிற்று. அடுத்த வருஷம் ஜூனில் சோவியத்காரர்கள் குழந்தை குட்டிகளோடு சுமார் 10,000 பேரை ரஷ்யாவின் உள்பகுதிக்கு ரயிலேற்றினார்கள். காட்டுக்குள் பதுங்கியிருந்த ரெபானே, ஜெர்மன்காரன் வந்ததும் அவனோடு சேர்ந்தார். 1944-ல் ஜெர்மானியரின் உயர்ந்த வீரப் பதக்கமான நைட்ஸ் கிராஸ், அப்புறம் எஸ்.எஸ்.ஸின் எஸ்டோனிய டிவிஷன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இங்கே எல்லோரும் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என்னையும் மெட்சகல்மிஸ்து என்ற கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பைன் மரக் காடு, பனிக்குள் வரிசையாக விளக்குகள். 1999-ல் ரெபானேயை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து புதைத்தது இங்கேதான். ராணுவத் தளபதியே வந்திருந்தார். அதைச் சொல்லி, அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். காற்றில் அணைந்த திரியை மறுபடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: “எங்க தாத்தா செஞ்சேனை, அவர் தம்பி ஜெர்மன் சட்டை. ரெண்டு பேரையும் யாரும் கேட்டுக் கூட்டிட்டுப் போகல. ரெபானே தானாப் போனவர்.”

என் கட்சியும் அதுதான். 1944-ல் ஜெர்மானியர் கட்டாயமாகத் திரட்டிய பையன்களுக்குச் சொல்லும் சமாதானத்தை ரெபானேக்கும் சொல்லக் கூடாது. தப்பி ஓடாமல் தங்கிவிட்ட சுமார் 1,000 யூதர்களைக் கொன்று, 1942 ஜனவரிக்குள் எஸ்டோனியாவை ‘யூதர் இல்லாத நாடு’ என்று ஜெர்மானியர் கணக்கெழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் அந்தப் பக்கம்தான் இருந்தார். சோவியத் கொடுமை பொய்யில்லை. ஆனால் அது இதற்கு ரசீது ஆகாது.

உடனே “நேதாஜி ஹிட்லரைப் பார்க்கலையா?” என்பீர்கள். பார்த்தார். ஜெர்மனியில் அவர் திரட்டிய இந்தியப் படையணியும் 1944-ல் எஸ்.எஸ். கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குத் தனியாகக் கேள்வி போடுங்கள், வருகிறேன்.

யாரும் பேசாத கட்டம் போருக்குப் பிந்தையது. பிரிட்டிஷ் உளவுத்துறை எம்.ஐ.6 ரெபானேயைச் சேர்த்துக்கொண்டது. அகதிகளாக வந்த எஸ்டோனியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ராத்திரியில் வேகப்படகில் பால்டிக் கடல் வழியாக அனுப்பினார்கள். சோவியத் உளவுத்துறை (பின்னாளைய கே.ஜி.பி.) அந்த வலைக்குள் முன்பே ஆள் வைத்திருந்தது. போனவர்களில் பெரும்பாலோர் நேராகப் போய் மாட்டிக்கொண்டார்கள். ரெபானே 1961-ல் ஜெர்மனிக்குக் குடிபோய், 1976-ல் ஆக்ஸ்பர்க்கில் காலமானார்.

கடைசியாக, எஸ்டோனியா என்ற பெயரைப் பார்த்ததும் “அண்ணா, அங்க வேலை கிடைக்குமா?” என்று இன்பாக்ஸில் வரும் தம்பிகளுக்கு: படிக்கப் போய் அப்படியே ஜெர்மனிக்குத் தாவிவிடலாம் என்று ஊரில் ஒரு ஏஜென்ட் என் சித்தி பையனிடம் லட்சக்கணக்கில் கறந்துவிட்டான். விசா வரவேயில்லை, பணமும் திரும்பவில்லை. பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே விண்ணப்பம் போடுங்கள்.