டீசலில் தண்ணீர்: பம்பைக் கழற்றும் முன் டிரம்மைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 22 குதிரைத்திறன் சிறிய டிராக்டர் இருக்கிறது. சென்ற வாரம் இரண்டு நாள் மழைக்குப் பிறகு, தொழுவத்தின் ஓரத்தில் திறந்த வெளியில் நிற்கும் 200 லிட்டர் டிரம்மிலிருந்து டீசல் ஊற்றிக்கொண்டு உழவுக்குப் போனேன். அரை மணி நேரத்தில் எஞ்சின் சீராக ஓடாமல் மிஸ்ஸிங் அடித்து, வெள்ளைப் புகை விட்டு, வண்டி நின்றுவிட்டது. பில்டர் கிண்ணத்தில் தண்ணீர் தெரிந்தது, வடித்துவிட்டு ஓட்டினேன். மறுநாள் மீண்டும் அதே கதை. இந்தப் பருவத்தில் இது மூன்றாவது முறை. தண்ணீரைக் கரைக்கும் மருந்து ஒரு புட்டி ஊற்றினால் போதும் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். டேங்கில் 15 லிட்டர் டீசல் இருக்கிறது. அதைக் கொட்டிவிட மனம் வரவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். இந்தக் கடிதம் கைக்கு வந்த நேரத்திலிருந்து, பழுது தீர்ந்ததா என்று பார்ப்பதற்காகக்கூட செல்ப் அடிக்காதீர்கள். டீசல் பம்பில் டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட அது இல்லை. அங்கே உராய்வைத் தடுக்கும் மசகு டீசல்தான். டீசலுக்குப் பதிலாக அந்த இடத்திற்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது. வண்டியை அப்படியே நிறுத்தி வைத்தால் துரு பிடிக்கிறது. ஒரு வாரம் தண்ணீரோடு நின்றுவிட்ட பம்ப் ஒன்றைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிபோல் மின்ன வேண்டிய பிளஞ்சரின் மேல் கடுகளவில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் இருந்தன. அந்த இரண்டு புள்ளிகளே அதைத் தூக்கி எறியப் போதுமானவையாக இருந்தன. டீசலை எஞ்சினுக்குள் தூவும் இன்ஜெக்டரின் நிலைமையும் இதுதான். சூடேறிய முனையில் தண்ணீர் நொடியில் ஆவியாகி விரிவதால் முனை சிதைந்துபோகவும் கூடும்.

அந்தப் புட்டியைப் பற்றி விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மழைக்காலம் வந்தால் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. தண்ணீரைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளில் பல, தண்ணீரைப் பொடித் துளிகளாக்கி டீசலோடு கலந்து நிறுத்துபவை, அல்லது ஆல்கஹால் சேர்ந்தவை. இரண்டில் எதை ஊற்றினாலும் தண்ணீர் டேங்கை விட்டு வெளியே போவதில்லை. அடியில் அமைதியாகத் தேங்கிக் கிடந்ததைக் கிளப்பி, பில்டரைக் கடக்க வைத்து, எங்கே போகக் கூடாதோ அந்தப் பம்புக்குள்ளேயே அனுப்பி வைக்கிறோம். ஆல்கஹால் டீசலின் மசகுத் தன்மையையும் குறைக்கும். இதைவிடக் கெட்டது இன்னொன்று உண்டு. உங்கள் வண்டியின் நீர்ப்பிரிப்பான், தண்ணீர்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துக் கீழே இறங்குவதை நம்பித்தான் வேலை செய்கிறது. துளிகளைச் சேரவிடாமல் செய்யும் மருந்து ஊற்றப்பட்ட பிறகு அந்தப் பிரிப்பான் இருந்தும் பயனில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் தெரியாமல் போவதைப் பார்த்து மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்புகிறோம். உண்மையில் தண்ணீர் கிண்ணத்தைத் தாண்டிப் போய்விட்டது. லிட்டர் கணக்கில் தண்ணீர் புகுந்த டேங்குக்கு ஒரு புட்டி மருந்தைக் கை கூசாமல் விற்கும் கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பம்ப் பழுதானால் செலவு உங்களுடையது, அவருடையது அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். வடிகால் திருகு இருக்கும் பக்கம் தாழ்வாக இருக்கும்படி வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஓர் இரவு முழுவதும் அசையாமல் விடுங்கள். காலையில் திருகைத் தளர்த்தி, வருவதை வாய் அகன்ற கண்ணாடிச் சாடியில் பிடியுங்கள். முதலில் தண்ணீர் வரும், அடுத்துக் கலங்கலாக ஒரு பகுதி வரும், அதற்குப் பிறகுதான் தெளிந்த டீசல் வரும். சாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் கறுத்த, வழவழப்பான சவ்வு ஏதாவது படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், தண்ணீர் இந்த வாரம் வந்ததல்ல. டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் பல மாதங்களாக அங்கே குடியிருக்கின்றன என்று பொருள். அப்படியானால் டேங்கைக் கழற்றிக் கழுவி, முழுவதும் உலரவைக்காமல் விடக் கூடாது. விட்டால் நீங்கள் போடும் புதிய பில்டர் சில மணி நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும். சவ்வு இல்லையென்றாலும், தெளிந்த டீசல் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள். நீங்கள் இதுவரை கிண்ணத்தை மட்டும் வடித்ததால்தான் மறுநாளும் வண்டி நின்றது.

பில்டர்கள் இரண்டையும் மாற்றுங்கள். நனைந்த காகிதப் பில்டரைக் காயவைத்துத் திரும்பப் போடும் சிக்கனம் வேண்டாம். பிறகு ஏர் எடுப்பது, அதாவது டீசல் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, உங்களுக்குத் தெரிந்த வேலை, நான் விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஏர் எடுப்பது பழைய வகைப் பம்புக்கு மட்டுமே. உங்கள் வண்டி, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வகையாக இருந்தால் அந்த நட்டுகளில் ஸ்பேனரை வைக்கவே கூடாது. எந்த வகையானாலும் பீய்ச்சும் டீசலின் முன் கையைக் காட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போன டீசல் ஊசிமுனைப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஒரே பருவத்தில் மூன்று முறை தண்ணீர் எங்கிருந்து வந்தது? டேங்கின் சுவரில் இரவில் வியர்த்து விழும் ஈரம் இத்தனை விரைவில் கிண்ணத்தை நிரப்பாது. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: அந்த டிரம்.

நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருப்பதால் மழைநீர் குளம்போலத் தேங்குகிறது. பகல் வெயிலில் டிரம்முக்குள் இருக்கும் காற்று சூடாகி, மூடியின் மரை வழியே கொஞ்சம் வெளியேறும். மாலையில் மழை பெய்து இரும்பு குளிர்ந்தவுடன் உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருப்பதை இழுக்கும். மூடி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அது இழுப்பது காற்றையல்ல, தண்ணீரை. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் இது நடந்தே தீரும். இப்படி டிரம்மின் அடியில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சேரும் தண்ணீரே சுமார் இரண்டரை லிட்டர்.

டிரம்மைக் கூரைக்குக் கீழே கொண்டுபோங்கள். முடியாதென்றால், ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, இரண்டு மூடிகளும் தேங்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி திருப்பி வையுங்கள். திறக்காமல் வைத்திருக்கும் முழு டிரம்மைப் படுக்க வைத்து, மூடிகள் இரண்டும் இடமும் வலமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்துவது இன்னும் நல்லது; உள்ளேயிருந்து டீசல் மூடியை நனைத்துக்கொண்டிருக்கும்வரை வெளியிலிருந்து ஈரம் உள்ளே போகாது. துத்தநாகம் பூசிய வாளியையோ தொட்டியையோ டீசல் வைக்கப் பயன்படுத்தாதீர்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பில்டரை அடைக்கும் பிசுக்கை உண்டாக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, கைப்பம்பின் உறிஞ்சு குழாயை அறுத்துக் குறைப்பதைத்தான். குழாயின் நுனி டிரம்மின் அடித்தட்டுக்கு நான்கு விரற்கடை மேலே நிற்க வேண்டும். அப்படிச் செய்தால் ஏறக்குறைய 20 லிட்டர் டீசல் எப்போதும் அடியிலேயே கிடக்குமே என்று கேட்பார்கள். கிடக்கட்டும். அது வீணாவதில்லை, ஒரு முறை முடக்கிய முதல் அது. சில மாதங்களுக்கு ஒரு முறை அந்த அடிப்பகுதியைத் தனியே எடுத்து, தெளியவைத்து, மேலிருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாலோ, புதிதாக நிரப்பினாலோ, ஒரு நாள் முழுவதும் அதைத் தொடாதீர்கள். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, நேரம் கொடுத்தால் தானாகவே கீழே போய்விடும். துணியில் வடிகட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பருத்தித் துணி தூசியைத்தான் நிறுத்தும், தண்ணீரை விட்டுவிடும். டிராக்டர் டேங்கைப் பொறுத்தவரை, மாலையில் வேலை முடிந்ததும் நிரப்பி வைப்பதும், வண்டியைக் கழுவும்போது டேங்க் மூடியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சாமல் இருப்பதும் போதும்.

பம்பைப் பற்றிய முடிவை, சுத்தமான டீசலில் ஒரு மணி நேரம் வண்டி ஓடிய பிறகு எடுங்கள். புகையும் மிஸ்ஸிங்கும் நின்றுவிட்டால் பம்ப் தப்பியது. ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லையென்றால் முதலில் இன்ஜெக்டர்களைச் சோதனை மேடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பழுது அங்கேயே முடிந்துவிடும். காலையில் உடனே கிளம்பும் வண்டி, சூடேறி நிறுத்திய பிறகு மட்டும் கிளம்ப மறுத்தால், பிளஞ்சர் தேய்ந்திருக்கக் கூடும். அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த 15 லிட்டரைக் கொட்ட வேண்டாம். கேனில் இரண்டு நாள் அசையாமல் வைத்து, மேலிருந்து எடுத்துச் சாடியில் பாருங்கள். சாடிக்குப் பின்னால் பிடித்த எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடிந்தால் பயன்படுத்தலாம். ஓடும் வண்டி அதைப் பம்ப் வழியாகச் சுழற்றித் திரும்பவும் டேங்குக்கு அனுப்பியிருப்பதால் தெளிய இன்னும் சில நாள் ஆகலாம். புட்டி மருந்தை ஏற்கெனவே ஊற்றியிருந்தால் தெளியாமலேயே போகலாம். தெளியாததை வண்டிக்குக் கொடுக்காதீர்கள்; துருப்பிடித்த கொழுமுனைகளைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பிரிந்த தண்ணீரை வரப்பிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாமல், கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள்.