உலகமயமாக்கல் இஸ்தான்புல் போன்ற பழைய நகரத்தின் அமைப்பை எப்படி மாற்றுகிறது?

கோபுரங்கள் முளைப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் நகரத்தின் மையமே இடம்பெயர்ந்ததுதான் பெரிய மாற்றம். ஓட்டோமான் காலத்தில் பணம் புழங்கியது கலாட்டா என்ற பேட்டையின் வங்கித் தெருவில். 1980-இல் துருக்கி சந்தையைத் திறந்துவிட்ட பிறகு வங்கிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் வடக்கே லெவென்ட், மஸ்லாக் பக்கம் போய்விட்டன. நகரத்தை ஐரோப்பா, ஆசியா என்று இரண்டாகப் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணையின் மேல் 1973-இலும் 1988-இலும் திறந்த பாலங்களின் இணைப்புச் சாலைகள் அங்கே வந்து சேர்வதால் ஆசியக் கரையிலிருந்து வேலைக்கு வருவது எளிது, நிலமும் அப்போது தாராளம். லெவென்டில் மருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில் 2006-இல் கான்யோன் என்ற பேரங்காடி திறந்தது; அந்த ஒரு மனை போதும், கதை புரிந்துவிடும்.

சரி, பழைய நகரம்? அது சுற்றுலாவுக்கானதாகிவிட்டது. கோட்டைச் சுவரை ஒட்டிய சுலுகுலேயில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ரோமா (ஜிப்சி) மக்களின் வீடுகளைப் 'புதுப்பித்தல்' என்ற பெயரில் இடித்து, ஊருக்கு வெகுதூரத்தில் தாஷோலுக்கில் அடுக்குமாடி கொடுத்தார்கள். பிழைப்பு இங்கே, வீடு அங்கே என்றால் எப்படி? பலர் திரும்பி வந்து பக்கத்துப் பேட்டைகளில் வாடகைக்குக் குடியேறினார்கள். இதை வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் 2016-இல் மூன்றாவது பாலம், 2018-இல் புதிய விமான நிலையம், இரண்டுமே வடக்கே காடுகள் இருந்த பகுதியில். நகரம் இப்போது அந்தத் திசையில்தான் நீள்கிறது.