அடுப்பில் எந்தப் பாத்திரம்? சால்மன் செவுள் பற்றி வாசகர் கேள்விகள்

டர்பனில் ‘டாகா சால்மன்’ என்று விற்கிறார்களே, அதுவும் நார்வே சால்மனும் ஒன்றா? (சாட்ஸ்வொர்த் வாசகி)

இல்லை அம்மா. டாகா சால்மன் என்பது காப் மீன். தமிழ்நாட்டில் கத்தாளை என்பார்களே, அந்தக் குடும்பம். கேப் சால்மன் என்கிற கீல்பெக்கும் அப்படித்தான். பெயர்தான் சால்மன். நிஜ சால்மனுக்கு இந்தப் பக்கத்தில் சொந்தம் தேடினால், லெசோத்தோவின் கேட்ஸே அணையில் வளர்க்கிற ட்ரவுட்டைச் சொல்லலாம்.

வெப்பத்தில் வைத்த சால்மனின் செவுளில் எச்.எஸ்.பி.70 மரபணுவின் செயல்பாடு மூன்று மடங்கு கூடியதாக ஒரு பாடத்தில் படித்தேன். அந்த மீனுக்கு நோய் என்று எடுத்துக்கொள்ளலாமா? (மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அவசரப்பட வேண்டாம், தம்பி. கல்யாண வீட்டுச் சமையலறையில் எல்லாப் பாத்திரமும் இருக்கும். அடுப்பில் எது ஏறியிருக்கிறது என்பதுதான் சேதி. மரபணுவும் அப்படியே. எச்.எஸ்.பி.70 கொடுக்கும் புரதம், வெப்பத்தில் உருக்குலையும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. அது கூடினால் மீன் சமாளிக்கிறது என்று பொருள். சமாளித்து முடித்ததா, தோற்றுக்கொண்டிருக்கிறதா என்பது அந்த ஒரு எண்ணில் தெரியாது.

செவுள் மூச்சு விடுவதோடு நிற்பதில்லை. உப்பைச் சமன் செய்வதும், அம்மோனியாவை வெளியேற்றுவதும் அதன் வேலைதான். நன்னீரிலிருந்து கடலுக்குப் போகும்போது சோடியம் பம்பின் (செல்லிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளும் புரதம்) ஒரு வடிவத்துக்கான மரபணு அடங்கி, இன்னொரு வடிவத்துக்கானது எழும்புகிறது. இது நோயே இல்லை, பயணத்துக்கான தயாரிப்பு. மீன் எந்த நீரில், எந்தப் பருவத்தில் இருந்தது என்று எழுதி வைக்காதவர் இதையும் கோளாறு என்று படித்துவிடுவார்.

இன்னொரு பொறி உண்டு. செவுளில் வீக்கம் வந்தால் வெள்ளணுக்கள் வந்து குவியும். நீங்கள் அளக்கும் துண்டில் அவற்றின் ஆர்.என்.ஏ.வும் (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்) கலந்திருக்கும். செவுள் செல்களே மாறிவிட்டன என்று தோன்றும்; உண்மையில் கூட்டம்தான் மாறியிருக்கும். அதனால் அதே செவுளை நுண்ணோக்கியிலும் பாருங்கள். சால்மனின் முன்னோருக்குச் சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. பல மரபணுக்கள் இன்றும் ஜோடியாகவே இருப்பதால், எதை அளக்கிறோம் என்பதிலேயே குழம்பலாம்.

நான் பட்ட பாடு ஒன்று: ஒருமுறை மாதிரிகளைப் பாதுகாப்புத் திரவத்தில் போடாமல் வெறும் ஐஸ் பெட்டியில் மாலை வரை வைத்துவிட்டேன். ஆர்.என்.ஏ. சிதைந்து, ஒரு நாள் உழைப்பும் வீண்.

அண்டர்பெர்க் பக்கம் ட்ரவுட் வளர்க்கிறோம். கோடையில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

அந்தக் காசுக்கு ஆக்சிஜன் மீட்டர் வாங்குங்கள். கடல்மட்டத்தில் 10 டிகிரி நன்னீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 20 டிகிரியில் 9 தான். உங்கள் மலை உயரத்தில் இன்னும் குறைவு. பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியலுக்குச் சற்று முன்தான் நிலைமை மிக மோசம். அந்த நேரத்தில் அளவெடுங்கள். காற்றூட்டியை இரவிலேயே ஓட விடுங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் தீனியை நிறுத்துங்கள்: செரிப்பதற்கும் ஆக்சிஜன் செலவாகும், அம்மோனியாவும் கூடும். மீனைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றும் வேலையெல்லாம் அப்போது வேண்டவே வேண்டாம். இடிமழைக்குப் பிறகு சேற்றுநீர் வந்தால் செவுள் இழைகளில் படியும், அதையும் கவனியுங்கள்.

பண்ணை சால்மன் செவுளில் வெள்ளைத் திட்டு வரும் என்கிறார்களே, சாப்பிட்டால் ஆபத்தா?

அமீபாச் செவுள் நோயைச் சொல்கிறீர்கள். டாஸ்மேனியாவில் 1980களிலிருந்தே இதோடு போராடுகிறார்கள். மீனை இரண்டு மூன்று மணி நேரம் நன்னீரில் விட்டால் கடல் அமீபா பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இது மீனுக்கு வரும் தொல்லை, உண்பவருக்கு அல்ல.

தலைக்குழம்புக்கு வாங்கும்போது செவுளில் என்ன பார்க்க வேண்டும்? (டோங்காட்)

நல்ல சிவப்பு, கடல் வாடை, கொழகொழவென்று பழுப்புச் சளி இல்லாமை. கழுவும்போது செவுளை முழுக்க வெட்டி எறிந்துவிடுங்கள். முதலில் கெடுவதும் குழம்பைக் கசக்க வைப்பதும் அதுதான்.