பிறேக் மிதித்தால் ஸ்ரியறிங் நடுங்குகிறது: றக் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2013 ரொயோட்டா அக்ஸியோ. சாவகச்சேரியில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய் வருகிறேன். எண்பதில் போகும்போது பிறேக்கை மிதித்தால் ஸ்ரியறிங் இடமும் வலமுமாக நடுங்குகிறது. மிதிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் முன்டிஸ்க் (பிறேக் பிடிக்கிற இரும்புத் தட்டு) இரண்டையும் லேத்தில் கடைந்து போட்டோம். முதலில் நன்றாக இருந்தது, இப்போது திரும்பவும் அதே நடுக்கம். கராச்சில் ஸ்ரியறிங் றக் (ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது முன்சில்லுகளைத் திருப்புகிற பாகம்) போய்விட்டது என்கிறார்கள். அவர்கள் காட்டிவிட்ட ஒருவர் ஜப்பான் பழைய றக் எடுத்துத் தர ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்கிறார். இருபதாயிரம் முற்பணமும் கொடுத்துவிட்டேன். மாற்றலாமா அண்ணை?

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. "மிதிக்காவிட்டால் ஒன்றும் இல்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். றக் தேய்ந்திருந்தால் குழி விழுந்த ரோட்டில் தட்டிச் சத்தம் கேட்கும், ஸ்ரியறிங்கில் ஆட்டம் இருக்கும், வண்டி நேராக ஓடாமல் அலையும். பிறேக்கை மிதிக்கிற நேரம் பார்த்து மட்டும் அது நடுங்காது. ரயரோ வீல் பலன்ஸோ பிழை என்றால் பிறேக்கைத் தொடாமலே எண்பது, தொண்ணூறில் கை அதிரும். இருக்கையும் பெடலும் அதிர்ந்து ஸ்ரியறிங் சும்மா இருந்தால் பின்சில்லைப் பார்க்க வேண்டும். உங்களுடையது முன்டிஸ்க்தான்.

அதைத்தான் கடைந்து போட்டோமே என்பீர்கள். கடைந்தும் ஏன் திரும்பி வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்று எல்லாக் கராச்சிலும் சொல்வார்கள். றம்பொடையில் இருந்தோ கடுகண்ணாவையில் இருந்தோ பாரத்தோடு இறங்குகிற வண்டி என்றால் சூட்டைப் பற்றிப் பேசலாம். சாவகச்சேரிக்கும் வவுனியாவுக்கும் இடையில் டிஸ்க் காய்ந்து வளைகிற அளவுக்கு இறக்கம் எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்து வண்டிகளில் நடப்பது வேறு. டிஸ்க் போய் உட்காரும் இடம் ஹப்பின், அதாவது சில்லைத் தாங்கிச் சுழலும் நடுப்பாகத்தின், முகம். அந்த முகத்தில் சின்னத் துருப் பொருக்கு ஒன்று இருந்தாலும் டிஸ்க் சரிந்துதான் உட்காரும். பல கார்களில் டிஸ்க் பக்கவாட்டில் ஆடக்கூடிய எல்லை 0.05 மில்லிமீற்றர். கொப்பித் தாள் ஒன்றின் பாதித் தடிப்பு அவ்வளவுதான். அதைத் தாண்டினால், நீங்கள் பிறேக்கைத் தொடாமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பிறேக் பாட்களில் (டிஸ்க்கை இரு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற கட்டைகளில்) உரசிக்கொண்டே போகும். உரசுகிற இடம் மெலியும். சில ஆயிரம் கிலோமீற்றரில் டிஸ்க் ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெல்லிசுமாகிவிடும். தடித்த இடம் வரும்போது பிறேக் கூடப் பிடிக்கிறது, மெலிந்த இடத்தில் கொஞ்சம் விடுகிறது. அந்தப் பிடித்து விடுகிற வேலைதான் உங்கள் கையில் நடுக்கமாகத் தெரிகிறது.

நீங்கள் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீற்றர் ஓடியிருப்பீர்கள். கணக்குச் சரியாகவே பொருந்துகிறது. டிஸ்க்கைக் கடைந்தவர் நன்றாகவே கடைந்திருப்பார். அதைத் துருப்பிடித்த ஹப்பில் அப்படியே திருப்பிப் பூட்டியதுதான் பிழை.

காரைநகரில் இருந்து ஒரு வாகன் ஆர் கார் வந்தது. நாள்தோறும் பொன்னாலைப் பாலத்தால் உப்புக் காற்றில் போய் வருகிற வண்டி. இரண்டு சோடி டிஸ்க் மாற்றியும் நடுக்கம் போகவில்லை. டிஸ்க்கைத் தட்டிக் கழற்றினால், ஹப்பின் முகத்தில் ஒரு போல்ட்டின் அடியில் நகத்தால் பெயர்க்கக்கூடிய செந்நிறப் பொருக்கு. டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுமானியை) வைத்துச் சில்லைச் சுற்றியபோது முள் 0.11 வரை ஓடியது. கம்பித் தூரிகையாலும் மண்கடதாசியாலும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அதே டிஸ்க்கைப் பூட்டி அளந்தேன். 0.03. பிறகு டிஸ்க் முழுவதையும் ஒருமுறை கடைந்து தடிப்பைச் சமப்படுத்தினோம். அந்த மனிதர் இரண்டு சோடி டிஸ்க்குக்குக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே வேறு கராச்சுக்குப் போனதும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "டயல் கேஜ் இருக்கிறதா?" இல்லை என்றால், அல்லது "கண்ணாலே பார்த்தால் தெரியும்" என்றால், திரும்பி வந்துவிடுங்கள். தாளின் பாதித் தடிப்பை ஒருவரும் கண்ணால் பார்க்க முடியாது. இருக்கிறது என்றால், டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் உட்பக்கத்தையும் உங்கள் கண்முன்னே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு நட்டுகளைச் சமமாக இறுக்கி அளக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளிப் போட்டு மறுபடி அளக்கலாம். பல தடவை அதிலேயே சரிவரும். மைக்ரோமீற்றரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிப்பைப் பார்க்கட்டும். 0.02 வித்தியாசமே நடுக்கத்துக்குப் போதும். மறுபடி கடைவதானால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போகக்கூடாது. போகும் என்றால் இரண்டு பக்கமும் சோடியாகப் புதிது.

கலிப்பர் பின்கள் (பாட்களை அமுக்கும் கலிப்பர் நகர்கிற கம்பிகள்) கையால் தள்ள வழுக்கிப் போகின்றனவா என்றும் பாருங்கள். சாதாரண கிறீஸ் பூசினால் றப்பர் ஊதிப் பின் இறுகும். பிறேக்குக்கென்று உள்ள சிலிக்கன் கிறீஸ்தான் வேண்டும். முன்சில்லைத் தாங்கும் லோவர் ஆமின் றப்பர் புஷ் கிழிந்திருந்தால் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும், அதையும் ஒரு கம்பியால் நெம்பிப் பார்க்கலாம்.

ரயர் கடையில் எயார் கன்னை வைத்து "டர்ர்ர்" என்று நட்டு இறுக்க விடாதீர்கள். ஒரு நட்டு கூட இறுகி மற்றது குறைய இறுகினால், நீங்கள் சுத்தம் செய்த ஹப்பிலேயே டிஸ்க் மறுபடி சரியும். ரொயோட்டாவின் சின்னக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர். இறுக்கும் அளவைக் காட்டும் ரோர்க் றென்ச்சால், குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள். சில்லைக் கழற்றிப் பூட்டிய பிறகு திடீரென நடுக்கமோ தட்டுச் சத்தமோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நட்டு கழன்றிருக்கலாம்.

இனிச் சொல்லப்போவது உங்கள் காருக்குப் பொருந்தாது. ஆனால் இதைக் கேட்டு ஆடியிலும் ஆவணியிலும் எனக்கு நிறையத் தொலைபேசி வருவதால் எழுதுகிறேன். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் தம்பியின் கார், நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வரும்வரை வீட்டில் நிற்கிறது. வந்து எடுத்து ஓடினால் பிறேக்கில் நடுக்கம். அது நின்ற வண்டியின் நோய். மழைக்கு ஒரு இரவு நின்றால் டிஸ்க்கில் வரும் மஞ்சள் துரு முதல் நாலு பிறேக்கோடு போய்விடும், அதற்குக் கவலை வேண்டாம். மாதக்கணக்கில் நின்றால் பிறேக் பாட் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் அதன் உருவம் அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும். நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போனால், ஆளில்லாத ரோட்டில் அறுபதில் இருந்து மெதுவாகப் பத்து, பன்னிரண்டு தரம், முற்றாக நிறுத்தாமல், பிறேக் போட்டு ஓடுங்கள். சில நாளில் தேய்ந்து போகும். நகம் தடக்கினால் குழி விழுந்துவிட்டது, ஓடி ஓடிப் போகாது. அப்போதும் றக் மாற்றத் தேவையில்லை. வண்டியைக் கழுவியவுடன் மூடி நிறுத்தாமல், ஒரு சுற்று ஓடிப் பிறேக்கைக் காயவைத்து நிறுத்துங்கள். கிழமைக்கு ஒருமுறை யாராவது அதை வெளியே எடுக்கட்டும்.

இந்தப் பழைய றக் வியாபாரம் எப்படி வளர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் உள்ள வண்டியையே ஓட்ட வேண்டியிருந்ததால், கராச்சுக்கும் உதிரிப்பாகக் கடைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் தராத அரசாங்கம், தனியார் காரின் பிறேக் பிடிக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. தகுதிச் சான்றிதழ் பஸ், லொறி போன்ற வண்டிகளுக்குத்தான். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏ-9இல் ஓடுகிற காருக்குப் பிறேக் வேண்டாமா? பிறேக்கை அளந்து அந்த அளவைத் தாளில் எழுதிக் கொடுக்க ஒரு இடம் இருந்தால், உங்களிடம் அந்த இருபதாயிரத்தை வாங்கியிருக்க முடியாது.

முற்பணத்தை இன்றே திருப்பிக் கேளுங்கள். றக் இன்னும் பூட்டவில்லை, பெட்டியும் உடைக்கவில்லை, தரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு நியாயம் இல்லை. அளந்த பிறகு இரண்டு டிஸ்க்கின் ஆட்டத்தையும் தடிப்பு வித்தியாசத்தையும் எழுதி அனுப்புங்கள். கடைவதா, புதிது போடுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.