இரண்டு தட்டு கேட்டதும்

கேள்வி: ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியும் பியானோ கலைஞராமே? கணவரின் புகழால்தான் அவருக்கு இசைக்குழுவில் இடம் கிடைத்ததா?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லை அம்மா, நடந்தது தலைகீழ். லூயியின் மனைவி லில் ஹார்டின் 1898-ல் அமெரிக்காவின் மெம்பிஸில் பிறந்தவர். 1918-ல் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஓர் இசைக் கடையில் வாரம் 3 டாலர் சம்பளம். விற்பனைக்கு வரும் பாட்டுத் தாள்களை வாசித்துக் காட்டுவது வேலை. பிறகு நியூ ஆர்லியன்ஸ்காரர்களின் குழு ஒன்று கூப்பிட்டது. போனதும் நோட்ஸ் கேட்டார். அப்படி எதுவும் கிடையாது என்றார்கள். சரி, எந்தச் சுருதி? "இரண்டு தட்டு கேட்டதும் வாசிக்க ஆரம்பி" என்றார்களாம். தட்டு விழுந்தது. அவர்கள் எந்தச் சுருதியில் இருந்தாலும் அதில் நானும் இருக்கட்டும் என்று, இருக்கிற கட்டையெல்லாம் சேர்த்து அடித்தார் லில். வேலை கிடைத்துவிட்டது!

லூயி சிகாகோவுக்கு வந்ததே 1922-ல்தான். கிங் ஆலிவர் என்பவரின் குழுவில் அவர் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் மாதிரியான ஊதுகருவி) கலைஞர். 1924-ல் கல்யாணம். 'ஆலிவரிடம் இருக்கும்வரை நீ இரண்டாவதுதான்' என்று வற்புறுத்தி அவரை வெளியே அனுப்பியவர் லில். நியூயார்க் போனவரை மறுவருடமே திரும்பக் கூப்பிட்டு, சிகாகோவில் தன் சொந்தக் குழுவில் முன்னால் நிறுத்தினார்.

அந்த 1925 நவம்பரில் லூயியின் 'ஹாட் ஃபைவ்' குழுவின் இசைத்தட்டுகள் தொடங்கின. கார்னெட், டிராம்போன், கிளாரினெட், பாஞ்சோ, பியானோ, அவ்வளவுதான். டிரம்ஸும் இல்லை, பேஸும் இல்லை. லில் வெறும் கார்டுகளை (chords, பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அடிப்பது) அடித்துக்கொண்டிருந்தார் என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதைப் படித்தாலே வருத்தமாக இருக்கும். இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். டிரம்ஸ்காரர் வராத மேடையில் பாட்டு முழுக்க என் இடது கை மேலேயே வந்து உட்காரும். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். ஒரு நொடி தயங்கினால் பாடகர் தடுமாறுவார். லூயி அத்தனை சுதந்திரமாக முன்னே ஓடவும் பின்னே இழுக்கவும் முடிந்தது, அடியில் லில்லும் பாஞ்சோவும் அசையாமல் நின்றதால்தான்.

1938-ல் விவாகரத்து. 1971 ஜூலையில் லூயி மறைந்தார். அடுத்த மாதமே சிகாகோவில் அவருக்கான நினைவுக் கச்சேரியில், பியானோவில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே லில் சரிந்து உயிர்விட்டார்.

1927-ல் பதிவான 'ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பெக்யூ' லில்லின் மெட்டு. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை லூயிக்கு. இரண்டாவது முறை கார்னெட்டை விட்டுவிட்டு, கீழே நடந்துகொண்டேயிருக்கும் பியானோவை மட்டும்.